செயற்கை நுண்ணறிவுக் கருவியும் மாணவர் எழுத்தறமும்: நன்னூல் வழி ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழ் பயிலும் மாணவர் தம் பாடப்பணிகளில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்த அளவிற்கு, எம்முறையில் பயன்படுத்தினால் அஃது அறத்தின்பாற்படும் என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. அதனைத் தொடர்ந்து ஜெமினி, கோபைலட் முதலியனவும் வந்தன. இவை தமிழிலும் விடை தருவன. இடைநிலைப்பள்ளி மாணவர் கட்டுரையும் பல்கலைக்கழக மாணவர் இடுபணியும் இன்று இக்கருவிகளின் நிழல் படாமல் எழுதப்படுகின்றன என்று எந்த ஆசிரியரும் உறுதி கூற இயலாது.

கணினியைக் கண்டு ஒதுங்கும் மரபு மலேசிய, சிங்கைத் தமிழ்க் கல்வியுலகிற்கு இல்லை. முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கியது 1985இல். தமிழ் இணைய மாநாடுகள் 1997இலும் 2000இலும் சிங்கப்பூரிலும், 2001இல் கோலாலம்பூரிலும் நடைபெற்றன. அன்று நம்முன் நின்ற வினா, தமிழைக் கணினியில் எவ்வாறு எழுதுவது என்பது. கணினியே தமிழை எழுதித் தரும்போது மாணவர் செய்யவேண்டியது யாது என்பது இன்றைய வினா. முன்னதற்குப் பொறியாளர் விடை கண்டனர். பின்னதற்கு விடை காணும் பொறுப்பு ஆசிரியர்களாகிய நம்முடையது.

இவ்வினாவிற்கு இதுவரை அளிக்கப்பட்டுள்ள விடைகள் பெரும்பாலும் இருவகைப்படுவன. ஒன்று, தடை செய்தல். மற்றொன்று, கண்டுபிடித்துத் தண்டித்தல். இவ்விரண்டும் தமிழ் வகுப்பறைக்குப் போதா என்பதும், கல்வியைப் பற்றி நன்னூல் கூறும் ஒரு கணக்கு இவற்றினும் தெளிவான அளவுகோலைத் தருகிறது என்பதும் நம் கருத்தாகும்.

விதிகளும் அவற்றின் எல்லையும்

நிறுவனங்கள் வாளா இருக்கவில்லை. அனைத்துலகப் பட்டயத் தேர்வை நடத்தும் ஐ.பி. அமைப்பு, இக்கருவிகளைத் தடை செய்யப்போவதில்லை என 2023இன் தொடக்கத்தில் அறிவித்தது. கருவி தந்த பகுதியை மாணவர் தமதென்று காட்டாமல், பிறர் எழுத்தைச் சுட்டுவது போலவே சுட்டவேண்டும் என்றும் விதித்தது. யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில், வகுப்பறையில் இக்கருவிகளைப் பயன்படுத்துவோர்க்கு 13 வயதைக் கீழெல்லையாகப் பரிந்துரைத்தது. மலேசியத் தகுதி நிர்ணய அமைப்பும் அதே ஆண்டில் உயர்கல்வி நிலையங்களுக்கு ஓர் அறிவுரைக் குறிப்பை வழங்கியது. சிங்கப்பூரில் 2018 முதல் பள்ளிகளில் வழங்கிவரும் மாணவர் கற்றல் தளத்திலேயே, மாணவர் விடைக்குப் பின்னூட்டம் தரும் நுண்ணறிவு வசதிகள் பின்னர் இணைக்கப்பட்டன.

இவை வரவேற்கத்தக்கன. ஆயினும் இவை பொதுநிலையில் நிற்பவை. படிவம் நான்கில் பயிலும் மாணவி ஒருத்தி இரவு பத்து மணிக்குத் தன் கைப்பேசியில் தலைப்பைத் தட்டச்சு செய்கிறாள். அரை நிமிடத்தில் முந்நூறு சொற்கட்டுரை ஒன்று வந்துவிடுகிறது. 'நேர்மையுடன் பயன்படுத்துக' என்னும் விதி அவ்வேளையில் அவளுக்கு எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று சொல்வதில்லை. மலேசியாவில் 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வும், 2022இல் பிடி3 தேர்வும் நீக்கப்பட்டபின் வகுப்பறை மதிப்பீட்டின் எடை கூடியதை நாம் அறிவோம். மாணவர் வீட்டில் செய்துவரும் பணிக்கு மதிப்பு கூடிய அதே காலத்தில்தான், அப்பணியை நொடியில் செய்து தரும் கருவியும் வந்து சேர்ந்தது. விதி நுணுக்கமாக இருக்கவேண்டிய இடம் இதுவே.

கண்டுபிடிக்கும் முயற்சியின் குறை

இரண்டாம் வகை விடையைச் சற்று விரிவாகக் காணவேண்டும். ஆசிரியர் பலரும் நம்பியிருப்பது இதனையே. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, இயந்திரம் எழுதியதை இனங்காணும் கருவி ஒன்றை 2023 சனவரியில் வெளியிட்டது. அந்நிறுவனம் தந்த கணக்கின்படி, இயந்திரம் எழுதிய ஆங்கிலப் பகுதிகளுள் 26 விழுக்காட்டை மட்டுமே அஃது இயந்திர எழுத்தாக இருக்கலாம் என்று சுட்டியது. மனிதர் எழுதியவற்றுள் 9 விழுக்காட்டைத் தவறாக இயந்திர எழுத்து என்றது. துல்லியம் குறைவு என்னும் காரணத்தால் அதே ஆண்டு சூலையில் அது திரும்பப் பெறப்பட்டது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு இதனினும் கவலைக்குரியது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு இனங்காண் கருவிகளிடம் தந்தபோது, சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை எனத் தவறாகக் குறிக்கப்பட்டன. சொல்வளம் குறைந்து, பழகிய தொடர்களையே நாடி எழுதுவோரை அக்கருவிகள் ஐயுற்றன.

இம்முடிவு தமிழாசிரியர்க்கு உரிய எச்சரிக்கை ஆகும். நம் மாணவர் பலருக்குத் தமிழ் வீட்டுமொழி அன்று. வீட்டுமொழியாக உள்ளோர்க்கும் எழுத்துத் தமிழ் வேறொரு மொழிபோல் கற்று அடையவேண்டியதாகவே உள்ளது. அவர்கள் பாடநூல் தொடர்களையும் மரபுத்தொடர்ப் பட்டியலையும் பற்றிக்கொண்டுதான் எழுதக் கற்கின்றனர். அதனால் அவர்தம் எழுத்தும் இயந்திர எழுத்துப் போன்ற வழவழப்பைப் பெற்றுவிடுகிறது.

எமக்கு நேர்ந்த பிழை ஒன்றை இவ்விடத்தில் ஒப்புக்கொள்ளுதல் தகும். தோட்டப்புறத் தாலாட்டுப் பாடல்களைப் பற்றி முதலாண்டு மாணவி ஒருவர் அளித்த இடுபணி, ஒற்றுப் பிழையின்றி, சீரான செந்தமிழில் அமைந்திருந்தது. வகுப்பில் அதிகம் பேசாதவர் அவர். அந்த நடை அவருடையதாக இராது என முடிவு செய்து, மதிப்பெண்ணை நிறுத்தி வைத்தோம். அழைத்துக் கேட்டபோது அவர் ஒரு பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். பாட்டியிடம் கேட்டெழுதிய பாடல்கள், அடித்துத் திருத்திய மூன்று வரைவுகள், ஓரத்தில் தாம் குறித்துக்கொண்ட ஐயங்கள் அதில் இருந்தன. ஒரு சொல்லுக்குப் பாட்டி சொன்ன பொருளும் அகராதி சொன்ன பொருளும் மாறுபட்டதை அவர் விளக்கிய பத்து நிமிடத்தில், அவ்விடுபணியைப் படித்தபோது நாம் அறியாத பலவற்றை அறிந்தோம். மன்னிப்புக் கேட்டோம். ஆனால் அடுத்த இடுபணியில் அவருடைய நடை சற்றே தாழ்ந்திருந்தது. நன்றாக எழுதினால் ஐயுறப்படுவோம் என்னும் பாடத்தை நாமே அவருக்குக் கற்பித்துவிட்டோமோ என்னும் கவலை இன்னும் நீங்கவில்லை.

மறுபுறம், பிழை மலிந்த கட்டுரை மாணவருடையதே என்று கொள்ளவும் வழியில்லை. 'ஐந்தாறு எழுத்துப் பிழைகளோடு எழுதுக' எனக் கருவியிடமே கேட்கலாம். ஆகவே, ஏட்டில் உள்ள எழுத்தை மட்டும் வைத்து அதன் ஆசிரியர் யார் எனத் துணிதல் இனி நீதியான முறையாகாது.

கருவித் தமிழின் இயல்பு

கருவி எழுதும் தமிழ் எத்தகையது என்பதையும் நோக்குவோம். அதன் போக்கைக் காட்ட நாம் அமைத்த மாதிரி ஒன்று வருமாறு:

"தைப்பூசம் என்பது மலேசியத் தமிழர்களின் வாழ்வில் ஒரு முக்கிய பங்கு வகிக்கிறது. இது வெறும் ஒரு திருவிழா மட்டுமல்ல. இது பக்தி, பண்பாடு மற்றும் ஒற்றுமையின் ஒரு சின்னமாகும். இது நம் இளைய தலைமுறையினருக்கு ஒரு வலுவான அடையாளத்தை வழங்குகிறது."

மேலோட்டமாகப் படிப்போர்க்கு இப்பத்தி குறையற்றதாகத் தோன்றும். உற்று நோக்கின் குறைகள் புலப்படும். 'என்பது' என்று தொடங்கிய தொடர் பெயர்ப் பயனிலையை வேண்டி நிற்க, 'வகிக்கிறது' என்னும் வினை வந்து முடிக்கிறது. 'முக்கியப் பங்கு' என ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகவில்லை. நான்கு தொடர்களில் 'ஒரு' நான்கு முறையும் 'இது' மூன்று முறையும் வருகின்றன; தமிழில் எழுவாய் தோன்றாது நிற்பதே இயல்பாக இருக்கும் இடங்கள் இவை. எண்ணும்மையோ 'ஆகியவை' என்னும் தொகைச்சொல்லோ வரவேண்டிய இடத்தை 'மற்றும்' பிடித்துக்கொண்டது. ஆங்கிலத் தொடரமைப்பு தமிழ்ச் சொற்களை உடுத்து வந்திருக்கிறது என்பது தெளிவு. இணையத்தில் உள்ள எழுத்தில் தமிழின் பங்கு நூற்றுக்கு ஒன்றினும் மிகக் குறைவு; ஆங்கிலத்தின் பங்கோ பெரிது. ஆங்கிலத்தை மிகுதியாகப் பயின்ற கருவி தமிழிலும் ஆங்கில நடை பயில்வதில் வியப்பில்லை.

இலக்கணக் குறையினும் பெரிது பொருட்குறை. இப்பத்தியில் தைப்பூசத்தை எடுத்துவிட்டுப் பொங்கலையோ தீபாவளியையோ வைத்தாலும் ஒரு சொல்லும் மாறவேண்டியதில்லை. பத்துமலையின் 272 படிகளும், கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து இரவில் புறப்படும் தேரும், பினாங்கு வீதியில் குவியும் சிதறு தேங்காயும் இதில் இல்லை. தம்பி பால்குடம் எடுத்த ஆண்டு மழை பெய்ததா என்பது கருவிக்குத் தெரியாது. அதை எழுதக்கூடியவர் உடன் நடந்த அக்காள் ஒருத்தியே.

இதனினும் ஊறு விளைப்பது இல்லாத மேற்கோள். கருவிகள் சில வேளைகளில் வள்ளுவர் எழுதாத அடிகளைக் குறள் என்றும், எவரும் வெளியிடாத நூலைச் சான்று என்றும் தயக்கமின்றித் தருகின்றன. ஆயினும் இவ்விடத்தில் தமிழ் மாணவரிடம் ஒரு வலுவான தற்காப்பு உள்ளது. குறள் வெண்பா முதலடியில் நான்கு சீரும் இரண்டாம் அடியில் மூன்று சீருமாக ஏழு சீர் உடையது, வெண்டளை பிறழாது, ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றில் முடியும். படிவம் ஐந்து மாணவர் சீர் பிரித்துப் பார்த்தாலே பொய்க்குறள் பெரும்பாலும் தளை தட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். தளை தட்டாத பொய்யும் உண்டாகலாம் ஆதலின், 1330 குறளுள் அஃது எங்குள்ளது என்று மூலநூலில் காணுதலும் வேண்டும். 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் அதனை எளிதாக்கியுள்ளன. யாப்பிலக்கணம் இக்காலத்திற்கு எதற்கு என்று வினவும் மாணவர்க்கு இதனினும் நல்ல விடை நம்மிடம் இல்லை.

எனினும் இக்குறைகளை நம் அறத்தின் அடித்தளமாகக் கொள்ளலாகாது. 2022 இறுதியில் இக்கருவிகள் எழுதிய தமிழினும் இன்று அவை எழுதும் தமிழ் திருந்தியுள்ளது, இன்னும் திருந்தும். கருவி பிழையாக எழுதுகிறது, ஆதலால் பயன்படுத்தாதே என்று சொன்னால், கருவி பிழையற எழுதும் நாளில் நம் வாதம் வலுவிழந்துவிடும்.

நன்னூலின் கணக்கு

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் பாடம் கேட்கும் முறையைக் கூறுகையில் ஒரு கணக்கைத் தருகிறது. ஆசிரியர் உரைத்ததை முற்றக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது புலமையில் காற்கூறே. உடன் பயில்வாரோடு கலந்து பயிலுதலால் மற்றொரு காற்கூறு கிடைக்கும். எஞ்சிய இரு காற்கூறும், அதாவது பாதிப் புலமை, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதே நிரம்பும்.

இக்கணக்கில் கட்டுரை எழுதுதல் எங்கு நிற்கிறது? அஃது எடுத்துரைத்தலின் எழுத்து வடிவமே ஆகும். கற்றதை ஒழுங்குபடுத்தி, இன்னாருக்குப் புரியவேண்டும் என்னும் நோக்கோடு, சொல் தேடி, கிடைத்த சொல் போதாமல் வேறு சொல் தேடி எழுதும் பணியில்தான் மாணவர் தமக்குத் தெரியாதது எது என்பதைக் கண்டுகொள்கிறார். கருவியை எழுதச் சொல்லும் மாணவர் ஆசிரியரை ஏமாற்றுகிறார் என்று நாம் கூறிவருகிறோம். உண்மைதான், ஆயினும் அவர் இழப்பது அதனினும் பெரிது. ஆசிரியர்வழி வந்த காலும் தோழர்வழி வந்த காலும் தங்க, மீதிப் பாதியைத் தம் கையாலேயே பிறிதொன்றுக்கு அளித்துவிடுகிறார்.

இதிலிருந்து ஓர் அளவுகோலைப் பெறலாம்: உரைத்தல் மாணவருடையதாக இருக்கும்வரை கருவியின் உதவி அறத்திற்கு உட்பட்டது, உரைத்தலைக் கருவி மேற்கொண்ட இடத்தில் அறம் பிறழ்ந்தது. கருவி ஆசிரியர்போல் விளக்கலாம். உடன் பயிலும் தோழர்போல் வினவலாம், மறுக்கலாம். இவை முதலிரு காற்கூறுகளைச் சார்ந்தவை. தோட்டத்தில் தனியே படிக்கும் மாணவர்க்கு, வீட்டில் தமிழ் அறிந்தவர் எவரும் இல்லாத மாணவர்க்கு, இத்துணை சிறியதன்று. அவர்க்கு அதனை மறுப்பது நீதியும் அன்று.

மாணாக்கரின் வகையைக் கூறும் இடத்தில் நன்னூல் தரும் உவமைகளும் இங்குப் பொருந்துவன. நீரைப் பிரித்துப் பாலைக் கொள்ளும் அன்னம் முதல் மாணாக்கர்க்கும், சொல்லித் தந்ததை மட்டும் சொல்லும் கிளி இடை மாணாக்கர்க்கும், நெய்யைக் கீழே விட்டுக் கசடைப் பற்றும் நெய்யரி கடை மாணாக்கர்க்கும் உவமையாகின்றன. கருவி தந்ததை அப்படியே படியெடுப்போர் கிளிநிலையில் நிற்கின்றனர். அதன் வெற்றுத் தொடர்களை வைத்துக்கொண்டு, தம் சொந்த அனுபவத்தை நீக்கிவிடுவோர் நெய்யரிநிலைக்கு இறங்குகின்றனர். கருவியின் விடையை ஐயுற்று, சோதித்து, கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளுவோரே அன்னம் எனத்தக்கார்.

வழிநூலும் நன்றியறிதலும்

பிறர் எழுத்தைத் துணைக்கொண்டு எழுதுவதைத் தமிழ் மரபு என்றும் குற்றமாகக் கருதவில்லை. தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், அவ்விரண்டையும் செய்தல், மொழிபெயர்த்தல் என நான்காக வகுக்கிறது. இன்றைய கருவிகளிடம் மாணவர் வேண்டுவனவும் ஏறத்தாழ இந்நான்கே: சுருக்கித் தருக, விரித்து எழுதுக, மாற்றி அமைக்க, மொழிபெயர்க்க. ஆயினும் வழிநூல் செய்வோன் தான் கருதிய வேறுபாடு ஒன்றையும் கூறவேண்டும் என்பது நன்னூலார் கொள்கை. தன் வேறுபாடு எதுவும் இல்லாதது வழிநூல் ஆகாது, அது படியே.

உதவியை வெளிப்படக் கூறுதலும் நம் பதிப்பு மரபின் சிறப்பு. 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே.சாமிநாதையர், சமண சமயச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமணரிடம் கேட்டுத் தெளிந்தார். தம் பதிப்புகளின் முகவுரையில் ஏடு தந்தோரையும் ஐயம் தீர்த்தோரையும் குறித்தார். அதனால் அவர் புலமை குறைந்ததாக எவரும் கருதியதில்லை. எந்த ஏட்டிலிருந்து எந்தப் பாடம் வந்தது என்பது தெரிவதால் அப்பதிப்பின் மதிப்பு கூடியது.

மாணவர் கட்டுரையின் இறுதியிலும் இத்தகைய குறிப்பொன்றை நாம் கேட்கலாம்: 'முதல் வரைவை நானே எழுதினேன். அதன்பின் எதிர்க்கருத்துகளை அறியவும் ஒற்றுப் பிழைகளைச் சுட்டவும் கருவியைப் பயன்படுத்தினேன். மூன்றாம் பத்தியில் வரும் மறுப்பு அவ்வுரையாடலில் தோன்றியது. மேற்கோள்களை மூலநூலில் சரிபார்த்தேன்.' நான்கு வரிகள் போதும். இக்குறிப்பை எழுதியதற்காக மதிப்பெண் குறைக்கப்படாது என்று ஆசிரியர் முன்கூட்டியே உறுதியளிக்கவேண்டும். உண்மை கூறுவோர் தண்டிக்கப்படும் வகுப்பில் அனைவரும் மௌனம் காக்கவே கற்பர்.

வகுப்பறைக்குச் சில முறைகள்

மேற்கண்ட அளவுகோலை நடைமுறைப்படுத்தச் சில முறைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, வரிசை. மாணவர் எழுதும் முன் கருவியிடம் வினாக்களைக் கேட்கலாம், கட்டுரையைக் கேட்கலாகாது. 'இத்தலைப்பில் எழுதுக' என்பதற்கு மாறாக, 'இத்தலைப்பைப் பற்றி என்னிடம் பத்து வினா கேள்' எனக் கட்டளையிடும் மாணவர், தம் விடைகளிலிருந்தே கட்டுரைக்குரிய பொருளைப் பெறுகிறார். முதல் வரைவு கையெழுத்தில் அமைதல் நன்று.

இரண்டாவது, திருத்தம். வரைவைக் கருவியிடம் தந்து 'திருத்தி எழுதுக' என்றால், மாணவர் நடை அழிந்து கருவி நடை வந்து அமர்ந்துவிடும். 'பிழை உள்ள இடத்தை மட்டும் சுட்டுக, திருத்தாதே, காரணம் கூறுக' என்று கேட்கப் பழக்கவேண்டும். கருவி கூறும் காரணமும் தவறாக இருக்கலாம் ஆதலால், வல்லினம் மிகும் இடம், மிகா இடம் பற்றிய விதியை மாணவர் இலக்கண நூலில் தாமே ஒப்புநோக்கவேண்டும். இவ்வொப்புநோக்கலில் அவர் கற்கும் இலக்கணம் நிலைத்து நிற்கும்.

மூன்றாவது, திறனாய்வு. கருவி எழுதிய பத்தி ஒன்றை வகுப்பில் வைத்து, மேலே தைப்பூசப் பத்தியை நோக்கியதுபோல் மாணவரையே நோக்கச் செய்யலாம். எங்கே தமிழ் பிறழ்கிறது, எங்கே செய்தி இல்லை, தாம் எழுதினால் எதைச் சேர்ப்போம் என அவர்கள் கூறட்டும். பிழை காணும் அதிகாரம் தம்மிடம் உள்ளது என உணரும் மாணவர் கருவியின்முன் பணிந்து நிற்பதில்லை.

நான்காவது, வாய்மொழி. எழுதியதை ஐந்து நிமிடம் விளக்கச் செய்தல் பழைய பாடங்கேட்கும் முறைக்கு நெருங்கியது. முப்பது மாணவர் உள்ள வகுப்பில் அதற்கு 150 நிமிடம் தேவைப்படும் என்பது நியாயமான தடையே. ஒவ்வொரு முறையும் அறுவரைக் குலுக்கல் முறையில் அழைத்தால் அரைமணி நேரத்தில் முடியும். எவரும் அழைக்கப்படலாம் என்பதால் அனைவரும் ஆயத்தமாவர். இது விசாரணையாக மாறிவிடாமல் காக்கவேண்டும். 'நீதான் எழுதினாயா?' என்று கேட்பதினும் 'இந்த எடுத்துக்காட்டை ஏன் தேர்ந்தாய்?' என்று கேட்பதே சிறந்தது. தாலாட்டு இடுபணியை எழுதிய மாணவியிடம் நாம் தொடக்கத்திலேயே கேட்டிருக்கவேண்டிய வினா அதுவே.

ஆசிரியர்க்கும் அதே அளவுகோல்

இவ்வளவும் மாணவரை நோக்கிக் கூறினோம். நம்மை நோக்கியும் சில கூறவேண்டும். மாதிரிக் கட்டுரைத் தொகுப்புகள் கருவிகளுக்கு நெடுங்காலம் முன்பே நம் பள்ளிகளில் இருந்தன. முன்னுரைக்கு ஒரு குறள், உடலுக்கு மூன்று கருத்து, முடிவுரைக்கு ஒரு பழமொழி என வாய்பாடு தந்தவர் நாம். 'இன்றைய நவீன உலகில்' எனத் தொடங்கும் கட்டுரைகளை மனனம் செய்யச் சொல்லி, அவற்றுக்கு உயர்ந்த மதிப்பெண்ணும் அளித்தோம். மாணவர் அன்று தொகுப்பிலிருந்து பெற்றதை இன்று கருவியிலிருந்து பெறுகின்றனர். கருவியின் வெறுமையைக் கண்டு நாம் வருந்துகிறோம் எனில், அதே வெறுமைக்கு நாம் முன்னர் அளித்த மதிப்பெண்ணையும் எண்ணிப் பார்க்கவேண்டும். யாரும் எங்கும் எழுதக்கூடிய தலைப்பைத் தந்தால் யாரும் எங்கும் எழுதக்கூடிய கட்டுரையே வரும். தம் குடியிருப்பின் பெயர் வந்த வரலாறு, வீட்டில் வழங்கும் ஒரு மலாய்ச் சொல் தமிழ்ப்பேச்சில் பெற்ற பொருள், தாத்தா பணிபுரிந்த தோட்டம் இன்று இருக்கும் நிலை போன்ற தலைப்புகளுக்குக் கருவி பொதுவாகப் பேசலாம். மாணவரே உண்மை பேசமுடியும்.

ஆசிரியரும் இன்று வினாத்தாள் அமைக்கவும் பின்னூட்டம் எழுதவும் கருவியை நாடுகின்றனர். அதில் தவறில்லை. ஆனால் மாணவரிடம் கேட்கும் நான்கு வரிக் குறிப்பை நாமும் எழுத ஆயத்தமாக இருக்கவேண்டும். இயந்திரம் எழுதிய கட்டுரைக்கு இயந்திரம் எழுதிய பின்னூட்டம் கிடைக்குமானால், அவ்வகுப்பில் தமிழைப் படித்தவர் ஒருவரும் இரார்.

கருவி வேறுபாட்டையும் மறத்தலாகாது. கட்டணம் செலுத்துவோர்க்கு வலிய கருவியும், செலுத்த இயலாதோர்க்கு எளிய கருவியும் கிடைக்கின்றன. கருவியின் நேர்த்திக்கு மதிப்பெண் அளித்தால், நாம் குடும்ப வருவாய்க்கு மதிப்பெண் அளித்தவர் ஆவோம். மாணவர் எடுத்துரைக்கும் திறனுக்கு மதிப்பெண் அளித்தால் இவ்வேறுபாடு ஓரளவேனும் குறையும்.

முடிவுரை

பினாங்கில் 1816இல் தமிழ் வகுப்புத் தொடங்கியது முதல் இந்நாட்டில் தமிழ்க் கல்வி இருநூறு ஆண்டுகளைக் கடந்துள்ளது. ஓலையும் கரும்பலகையும் தட்டச்சுப் பொறியும் கணினியும் கண்ட கல்வி இது. புதிய கருவியும் அவ்வரிசையில் இடம் பெறும். ஆயினும் முன்னவை எழுதுவோர் கையில் இருந்தன. இது தானே எழுத வல்லது. அதனால்தான் எழுதுவோர் யார் என்னும் வினா இதுவரை இல்லாத முதன்மையைப் பெற்றுள்ளது.

தடையும் கண்காணிப்பும் இவ்வினாவிற்கு முழு விடை தாரா என்பதை மேலே கண்டோம். கருவியின் மொழிக்குறைகள் மாணவர்க்குப் பயிற்சிப் பொருளாகலாம், நிலையான அரணாகா. கற்றதை எடுத்துரைத்தலில்தான் பாதிப் புலமை உள்ளது என்னும் நன்னூலின் கணக்கைக் கொள்வோமாயின், கேட்கவும் கலந்து பயிலவும் கருவியை அனுமதித்து, உரைக்கும் பணியை மாணவரிடமே விட்டுவைக்கும் தெளிவான எல்லை நமக்குக் கிடைக்கிறது. அவ்வெல்லையை மாணவர் காக்கவேண்டுமாயின், அவர் உரைப்பதைக் கேட்க நாம் நேரம் ஒதுக்கவேண்டும். அந்தப் பயிற்சிப் புத்தகத்தை நாம் முதலிலேயே கேட்டிருந்தால், ஒரு மாணவியின் நல்ல தமிழ் தாழ்ந்திராது.